பதினோராம் வளைவு

சத்தம் சின்னதுதான்.
சமையலறையில் ஒரு தட்டு
கை நழுவினால் வருமே, அவ்வளவு.
அதன் பிறகு வந்த அமைதிதான்
பெரிதாக இருந்தது.

இறங்கிக்கொண்டிருந்தேன்,
மகளை ஏற்காட்டில் விடுதியில் விட்டுவிட்டு,
பின்னிருக்கையில் அவள் மறந்துபோன குடையைக்
கண்ணாடியில் பார்த்தபடி.
ஏறி வந்தது ஒரு குட்டியானை.
என் வலப்பக்க விளக்கும்
அதன் முன் பம்பரும்
ஒரே இடத்துக்கு ஆசைப்பட்டன.

முதலில் என்ஜினை அணைக்க வேண்டும்.
நான் வைப்பரைப் போட்டேன்.
மழையே இல்லாத கண்ணாடியை அது
கிறீச் கிறீச்சென்று துடைத்தது.

அவர் இறங்கி வந்தார்.
திட்டுவார், பதிலுக்கு இருக்கட்டும் என்று
இரண்டு சொல் தயாராக வைத்திருந்தேன்.
"உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார்.
வைத்திருந்த சொற்கள்
வாயிலேயே புளித்துப்போயின.

பெயர் அர்த்தநாரி. கொண்டலாம்பட்டி.
நாகலூரில் ஒரு காதுகுத்துக்கு
நாற்காலி ஏற்றிப் போகிறவர்.
கயிறு அறுந்து எட்டு நாற்காலிகள்
சாலையில் சிவப்பாய்க் கிடந்தன,
ஏதோ கூட்டம் பாதியில் கலைந்த மாதிரி.
"வண்டி பின்னால சரியுது, ஒரு கல்லுங்க" என்றார்.
நான்தான் புரட்டி வந்தேன்.
அவர் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

போனில் கணவர் அடுக்கினார்:
போட்டோ எடு, நம்பர் எடு,
லைசென்ஸைப் படம் பிடி,
தப்பு நம்மதுன்னு மட்டும் சொல்லிடாதே.
எடுத்தேன். நாலு பக்கமும் எடுத்தேன்.
நாலாவது படத்தில்
வெள்ளைக்கோட்டைத் தாண்டி
அரை முழம் அந்தப்புறம் நின்றது
என் டயர்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பெரிதாக்கினால் கோடு நகர்ந்துவிடாது.

பின்னால் வந்து நின்ற பேருந்திலிருந்து
கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.
"லேடீஸா ஓட்டினது? அப்ப சரி" என்றார்.
தீர்ப்பு சரி.
காரணம் தப்பு.
அதை விளக்கும் நிலையில் நான் இல்லை.

பேருந்துக்காரர்கள் நாற்காலிகளைப் பொறுக்கி
ஓரமாக நிமிர்த்தி வைத்தார்கள்.
இரண்டில் நாங்கள் உட்கார்ந்தோம்,
கீழே சேலம் முழுவதும் தெரிய,
பெண் பார்க்க வந்த வீட்டாரைப் போல
விறைப்பாக.
"தப்பு என்னோடதுங்க" என்றேன்.
சொன்ன பிறகுதான்
கை நடுங்கத் தொடங்கியது.
கேனைச் சாய்த்து மூடியில் தண்ணீர் தந்தார்.
பாதி சேலையில் போயிற்று.

"பம்பரு ஏற்கெனவே அடி வாங்குனதுதான்.
நாற்காலி ஒண்ணு கால் ஒடிஞ்சிருக்கு,
அதுக்கு மட்டும் குடுங்க."
நானூறு ரூபாய்.
வண்டி எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டேன்,
கணவரிடம் காட்ட ஏதாவது வேண்டுமே.

அடிவாரச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும்
கல் ஞாபகம் வந்தது.
அவர் வண்டி மேலே போயிருக்கும்.
நான் கீழே வந்துவிட்டேன்.
கல் மட்டும் நடுரோட்டில்.
இருட்டிக்கொண்டு வந்தது.
யாரோ ஒரு பையன், பைக்கில், வளைவில்...
முடிக்காமலே
வண்டியைத் திருப்பினேன்.

ஒற்றை விளக்கோடு ஏறினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பலகைகளை வாய்விட்டு எண்ணியபடி.
எதிரே இறங்கிய ஒவ்வொரு வண்டியும்
ஒதுங்கி நின்று
எனக்கு வழி விட்டது.

பதினொன்றில் கல் இல்லை.
போனை அடித்துத் தேடினேன்.
உடைந்த விளக்கின் சில்லுகள் இருந்தன,
மழைக்கு முன் வரும் எறும்புகள் இருந்தன,
கல் இல்லை.

தடுப்புச் சுவரின் மேல்
வரிசையாக ஏழெட்டுக் கற்கள்.
யார் யாரோ விட்டுப்போனவை,
யார் யாரோ எடுத்து வைத்தவை.
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.
எது என்னுடையது என்று
தெரியவில்லை.